கருவண்டு வரும் தோட்டம்: எங்கே தவறுகிறோம்?

கரிய உடம்பும் நீலமாக மின்னும் இறக்கையுமாக, கட்டைவிரல் பருமனில் ரீங்காரமிட்டு வருமே, அந்தக் கருவண்டு உண்மையில் ஒரு தேனீ. ஐரோப்பாவில் பசுமைக்குடில் தக்காளிக்குப் பம்பிள்பீ என்ற பருத்த தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கை வேலையை நம் தோட்டங்களில் செய்வது இதுதான். ஆனால் நாம் ஆசையாக வாங்கி வைக்கும் பூக்கள் பலவும் இதற்கு உதவுவதில்லை. இட்லிப்பூவின் மெல்லிய நீளக் குழல் வண்ணத்துப்பூச்சிக்கானது. அடுக்குப் பூக்களில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்களே இதழ்களாக மாறிப்போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, கத்தரியும் தக்காளியும் மட்டும் வைத்துவிட்டு வண்டு வரவில்லையே என்று வருந்துவது. ஒரு கத்தரிப்பூவைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகளின் நுனியில் மட்டும் பொடித்துளைகள் இருக்கும். கருவண்டு பூவைக் கட்டிக்கொண்டு தொங்கி, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசைகளை அதிரவிடும். 'ஜ்ஜ்ஜ்' என்று சத்தம் கேட்கும், மகரந்தம் பொலபொலவென அதன் வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது.

சரி, மகரந்தம் கிடைத்துவிட்டது. தேன்? கத்தரியிலும் தக்காளியிலும் தேனே கிடையாது. நாம் நம்பி வைக்கும் ஆவாரையிலும் இல்லை. அதனால் பக்கத்திலேயே அகத்தி, துவரை, கிலுகிலுப்பை என்று ஏதாவது இருக்க வேண்டும். இந்தப் பூக்களின் படகு போன்ற கீழிதழை அமுக்கித் திறக்கக் கனமான பூச்சி தேவை, கருவண்டுக்கு அது சுலபம். வேலியோரம் தானாக முளைக்கும் எருக்கை உடனே பிடுங்கிவிடாதீர்கள். அதன் தேனுக்காகக் கருவண்டு விடாமல் வரும். (பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பூத்திருக்கும் நேரத்தில், அதுவும் காலையில், மருந்து அடிப்பதைக் கட்டாயம் நிறுத்துங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் சாயங்காலம் தெளிப்பதே நல்லது.

அப்புறம், கொட்டிவிடும் என்று துடைப்பத்தால் அடிப்பது. எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது. ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் கையால் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

பட்டுப்போன முருங்கைக் கிளை, பந்தலின் பழைய மூங்கில் இவற்றையெல்லாம் ஒரேயடியாக அப்புறப்படுத்திவிட்டால் கூடு வைக்க இடமில்லாமல் போய்விடும். அது மரத்தைத் தின்பதில்லை, குஞ்சுகளுக்காகக் குடைகிறது, அவ்வளவுதான். வீட்டு உத்தரத்தைக் குடையுமோ என்ற பயம் இருந்தால் பெயின்ட் அடித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த மரத்தை அது பெரும்பாலும் தொடாது.