முழுதானிய மிக்ஸில் அமெரிக்கக் கார பிஸ்கட்: தவிடு தண்ணீர் குடிக்க நேரம் கொடுங்கள்

பிஸ்கட் என்றதும் டீயில் நனைத்துச் சாப்பிடும் மொறுமொறு வட்டம்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறொரு பண்டத்துக்கு. உள்ளங்கைக்குள் அடங்கி, இரண்டு விரல்கடை உயரத்துக்கு உப்பி, பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும் மெத்தென்ற ரொட்டி அது. ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்தான் உப்ப வைக்கிறது. தென் மாநிலங்களில் இதன் மேல் கிரேவி ஊற்றியோ, நடுவில் முட்டை வைத்தோ காலையில் சாப்பிடுவார்கள். மாவு, உப்பு, பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்து பெட்டியில் வரும் மிக்ஸ் அங்கே பழைய சங்கதி. அப்படியொரு மிக்ஸான பிஸ்க்விக் கடைக்கு வந்தது 1931இல். இப்போது அதே அலமாரியில் முழுக்கோதுமை, ஓட்ஸ் சேர்த்த மிக்ஸ்களும் இருக்கின்றன.

மைதா மிக்ஸில் பழகிய கையோடு இவற்றைப் பிசைந்தால் உலர்ந்து உதிரும் பிஸ்கட்தான் கிடைக்கும். காரணம் தவிடு. மைதா பாலைப் பார்த்தவுடன் உறிஞ்சிவிடும். தவிடு மெதுவாக, ஆனால் அதிகமாக உறிஞ்சும். அதனால் கலந்த புதிதில் மாவு கொழகொழவென்று இருக்கும். "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்று இன்னொரு கைப்பிடி மிக்ஸைத் தூவுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பத்து நிமிடம் விட்டிருந்தால் அது தானாகவே இறுகியிருக்கும். தூவிவிட்டால், மீதித் தண்ணீரை ஓவனுக்குள் தவிடு குடித்துக்கொள்ளும், பிஸ்கட் மணல் மாதிரி உதிரும்.

கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் முதலில் 'ஹோல் வீட் ஃப்ளவர்' அல்லது 'ஹோல் கிரெய்ன் ஓட்ஸ்' இருக்க வேண்டும். 'என்ரிச்டு வீட் ஃப்ளவர்' என்று தொடங்கினால் அது சத்துப்பொடி சேர்த்த மைதாதான். 'மல்டிகிரெய்ன்' என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். பல தானியம் என்பதால் முழுதானியம் ஆகிவிடாது. சுலபமான கணக்கு ஒன்று உண்டு: 10 கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு குறைந்தது 1 கிராம் நார்ச்சத்து. அடுத்து சர்க்கரை. பேன்கேக்குக்கும் சேர்த்து விற்கும் மிக்ஸ்களில் சர்க்கரை கூடுதலாக இருக்கும், கார பிஸ்கட்டில் அந்த இனிப்பு நாக்கில் உறுத்தும்.

பட்டியலில் எண்ணெயோ பாம் கொழுப்போ இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இருந்தால் கீழே சொல்லும் வெண்ணெயைப் பாதியாக்க வேண்டும். வே (whey) எனப்படும் பால் புரதம் சேர்த்த மிக்ஸ் சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் உலரும். அதற்கு ஓவன் சூட்டை 200 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து, இரண்டு நிமிடம் முன்னதாகவே எட்டிப் பாருங்கள்.

எட்டு பிஸ்கட்டுக்கு அளவு இது. கப் என்பது 240 மி.லி.

கொழுப்பு சேராத முழுதானிய மிக்ஸ்: 2 கப் (சுமார் 250 கிராம்)
உப்பில்லாத வெண்ணெய்: 70 கிராம்
துருவிய செடார் சீஸ்: 100 கிராம்
கெட்டி மோர்: முக்கால் கப், தேவைப்பட்டால் இன்னும் 2 டேபிள்ஸ்பூன்
வெங்காயத்தாள், பச்சைப் பகுதி மட்டும், பொடியாக நறுக்கியது: 3 டேபிள்ஸ்பூன்
கரகரப்பாகப் பொடித்த மிளகு: 1 டீஸ்பூன்

உப்பு சேர்க்கவே வேண்டாம். மிக்ஸிலும் சீஸிலும் இருப்பதே போதும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் வதக்காத வெங்காயமும் நீர் விட்டு மாவைக் கெடுக்கும், அதனால்தான் பச்சைத் தாள் மட்டும்.

மோர் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடையில் 'பட்டர்மில்க்' என்று விற்பது நம் நீர்மோர் அல்ல, தோசை மாவுப் பதத்தில் ஊற்றும் புளித்த பால். அது கிடைக்காவிட்டால் கெட்டித் தயிர் மூன்று பங்குக்கு தண்ணீர் ஒரு பங்கு விட்டு அடித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் புளித்த தயிர் என்றால் மிக்ஸோடு கால் டீஸ்பூன் ஆப்பசோடாவைச் சலித்துச் சேர்க்கலாம். புளிப்பு தணியும், மேல் நன்றாகச் சிவக்கும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

வெண்ணெயை முதலில் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மோரும் குளிர்ந்தே இருக்கட்டும். ஓவனை 220 டிகிரி செல்சியஸில் (425 டிகிரி ஃபாரன்ஹீட்) போட்டுவிடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 200 போதும். ஓடிஜியில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, நடுத்தட்டில் வைக்க வேண்டும்.

மிக்ஸையும் மிளகையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, உறைந்த வெண்ணெயைக் காரட் துருவுவது போல அதற்குள்ளேயே துருவுங்கள். விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள். உள்ளங்கைச் சூடு படக்கூடாது. உதிர்த்த புட்டு மாவு போலவும், இடையிடையே துவரம்பருப்பு அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் தெரிவது போலவும் இருந்தால் நிறுத்திவிடலாம். அந்தத் துணுக்குகள் சூட்டில் உருகும்போது அவற்றிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். ஏடு ஏடாக வருவது அப்படித்தான். வெண்ணெய் முன்பே இளகி மாவோடு ஒன்றிவிட்டால் ஏடும் இல்லை, உயரமும் இல்லை.

சீஸையும் வெங்காயத்தாளையும் சேர்த்து, நடுவில் குழித்து மோர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றுங்கள். முட்கரண்டியால் பதினைந்து இருபது சுற்று, அவ்வளவுதான். அடியில் உலர்ந்த மாவு தங்கினால் மட்டும் மீதி மோரைத் தெளியுங்கள். இப்போது மாவு விரலில் ஒட்டும், சொதசொதவென்று இருக்கும். அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் வீணாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இந்த மிக்ஸ்களில் பொதுவாக இருக்கும் வகை மீண்டும் சூட்டில்தான் முழுமையாக வேலை செய்யும். வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி விழுந்து நிற்கும், விரலில் லேசாக மட்டும் ஒட்டும். இதுதான் பதம்.

பலகையில் கொஞ்சமாக மாவு தூவி, மாவைக் கையால் தட்டி 2.5 செ.மீ. கனத்துக்குக் கொண்டு வாருங்கள். கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, திருப்பி வைத்து மறுபடி தட்டுங்கள். இப்படி இரண்டு முறை போதும். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்துவிடாதீர்கள். வட்ட அச்சைவிட, கூரான கத்தியால் எட்டுச் சதுரமாக வெட்டுவதே மேல். துண்டு துணுக்கு மிஞ்சாது, அவற்றைச் சேர்த்து மறுபடி தட்டும் வேலையும் இல்லை. கத்தி நேராக இறங்கி நேராக ஏற வேண்டும். அச்சில் வெட்டுவதானாலும் திருகாதீர்கள், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும்.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்குங்கள். பக்கத்துத் துணை இருந்தால் பரவாமல் மேலே எழும். மேலே கொஞ்சம் பால் தடவி, 14 முதல் 16 நிமிடம் சுட்டெடுங்கள். முழுக்கோதுமை மாவே பழுப்பு நிறம் என்பதால் மேல்நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் உள்ள ஒன்றைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், அது பொன்னிறமாகச் சிவந்திருக்க வேண்டும்.

வெட்டும் வேலையே வேண்டாம் என்றால் மோரை 3 டேபிள்ஸ்பூன் கூட்டி, ஓய்வு முடிந்ததும் கரண்டியால் அள்ளித் தட்டில் வையுங்கள். ஏடு வராது, ஆனால் முதல் முறை செய்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

எல்லாம் சரியாகச் செய்தும் உப்பவில்லையா? மிக்ஸ் பழசாக இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் மிக்ஸை வெந்நீரில் போட்டால் உடனே நுரைக்க வேண்டும். சுட்ட பிஸ்கட் கசந்தால், ஆப்பசோடா கூடியிருக்கலாம், அல்லது மாவு காறிப்போயிருக்கலாம். முழுதானியத்தின் முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் மைதாவைவிடச் சீக்கிரம் காறும். பிரித்த பெட்டியை டப்பாவில் மாற்றி ஃப்ரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு. வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால், கனம் கூடிவிட்டது அல்லது ஓவன் சரியாகச் சூடேறும் முன்பே தட்டு உள்ளே போய்விட்டது.

மிக்ஸ் கிடைக்காத ஊரில் நம் சப்பாத்தி மாவில் செய்யலாமா? செய்யலாம், கொஞ்சம் மாற்றத்தோடு. சக்கியில் அரைத்த ஆட்டா அதிகத் தண்ணீர் இழுக்கும், இழுபடும் தன்மையும் உண்டு. ஆட்டா 160 கிராமோடு பொடித்த ஓட்ஸ் 80 கிராம், பேக்கிங் பவுடர் 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் சேர்த்துச் சலியுங்கள். மோர் ஒரு கப் வரை பிடிக்கும். ஓய்வு இருபது நிமிடம்.

வெட்டிய பச்சைத் துண்டுகளைத் தட்டில் உறைய வைத்து, பிறகு பையில் போட்டால் ஃப்ரீசரில் ஒரு மாதம் இருக்கும். உறைந்தபடியே ஓவனில் வைத்து மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். சுட்டது மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டுங்கள்.