மோசமான சாலையில் தொடங்காதீர்கள்

நாட்டின் சாலைகளைப் பராமரிக்கத் திட்டம் போடுகிறீர்களா? முதலில் மழை பெய்யும்போது வண்டியில் கிளம்புங்கள். பராமரிப்புப் பொறியாளராக இருந்தவரை நான் அப்படித்தான் செய்தேன். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சிறுபாலம் அடைத்துக் கிடக்கிறது, ஓரத்து மண் சாலையைவிட உயர்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தார்த்தளத்தின் குறுக்குச் சரிவு 2 முதல் 3 சதவீதம் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். தேங்கினால் விரிசல் வழியே இறங்கி அடித்தளத்தை இளக்கிவிடும். அடைப்பை எடுப்பதும் ஓரத்து மண்ணை வெட்டுவதும் வெறும் மண்வெட்டி வேலைதான், ஆனால் திறப்பு விழா இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை!

அப்புறம் கணக்கெடுப்பு. ஒவ்வொரு சாலையின் நீளம், அகலம், கடைசியாகத் தளம் போட்ட ஆண்டு, மேடுபள்ளத்தைச் சொல்லும் ஐஆர்ஐ அளவு எல்லாம் ஒரே பதிவேட்டில் வரட்டும்.

சரி, பணம் போதவில்லை. படுமோசமான சாலைக்கே முதலில் கொட்டத் தோன்றும். அங்கே வண்டி போகிற அளவுக்கு மட்டும் சரிசெய்துவிட்டு, இன்னும் நன்றாக இருக்கும் சாலைகளின் விரிசலை அடைத்துவிடுங்கள். அடைக்காமல் விட்டால், பிறகு பெயர்த்துப் போடுவதற்குப் பல மடங்கு செலவாகும். இதை அமைச்சருக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

லாரிகளின் பாரத்தைப் பார்க்கும் எடைமேடையையும் விடாதீர்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, வண்டியின் சக்கர அச்சு தாங்கும் பாரம் இரட்டிப்பானால் சாலைக்குச் சேதம் சுமார் 16 மடங்கு.

ஒப்பந்தக்காரருக்கு அடைத்த குழிகளை எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள். குழியில்லாத கிலோமீட்டருக்கு மாதாமாதம் கொடுங்கள். அர்ஜென்டினா 1990களிலேயே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மாறியது.