பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமமா? ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் போகும் முறை

சாப்பிடும்போது புரை ஏறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிவிடுவது நம் வழக்கம். பக்கவாதம் வந்தவருக்குப் புரை ஏறினால் அப்படி விட்டுவிடாதீர்கள். உணவுக்குழாய்க்குப் போகவேண்டியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம்.

இருமல் மட்டுமே அடையாளம் இல்லை. தண்ணீர் குடித்ததும் குரல் கொழகொழவென்று மாறும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கும். ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். காரணம் தெரியாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். சிலருக்குத் தொண்டை மரத்திருப்பதால், உள்ளே போனாலும் இருமலே வராது. இவர்களைத்தான் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தண்ணீர் கொடுத்து நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பேச உதவும் உதடும் நாக்கும் குரல்வளையும்தான் விழுங்கவும் உதவுகின்றன. ஆகவே இது ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலை. வார்டில் இருக்கும்போதே, வாய்வழி முதல் கவளம் கொடுக்கும் முன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால், நரம்பியல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ சீட்டு வாங்குங்கள். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, விழுங்கல் நோயாளிகளை வழக்கமாகப் பார்ப்பவரா என்று இரண்டையும் விசாரியுங்கள். குழந்தைகளின் பேச்சுப் பயிற்சி மட்டும் செய்பவர்களும் உண்டு.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல், பல்செட், அவர் தினமும் பயன்படுத்தும் டம்ளர், கரண்டி, வழக்கமாகக் கொடுக்கும் உணவில் கொஞ்சம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. அவர் நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள்.

தெரபிஸ்ட் வாயையும் இருமும் வலுவையும் பார்த்துவிட்டு, 5 மி.லி. அளவு கரண்டியில் ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக் கவனிப்பார். சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு எந்தப் பதம் என்று சொல்வார். வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். தண்ணீர் வேகமாக ஓடுவதால், தொண்டை மூடிக்கொள்ளும் முன்பே உள்ளே போய்விடும். 'இளசா இருந்தா இறங்கிடும்' என்று நீர்க்கஞ்சி கொடுப்பது பலருக்கு ஆபத்து. பருக்கையும் தண்ணீருமாகப் பிரிந்த கஞ்சியும் ரசம் சோறும் அதைவிட மோசம்: மெல்லும்போதே நீர் தனியே ஓடும். மாவுச்சத்தால் கெட்டியான கஞ்சி, எச்சில் பட்டால் இளகும். சாப்பிட்ட கரண்டியைக் கிண்ணத்தில் திரும்ப விட்டால் நேரம் ஆக ஆக மொத்தக் கஞ்சியும் நீர்த்துப்போகும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பானத்தின் பதத்தை அளக்க, ஐடிடிஎஸ்ஐ (உணவு, பானங்களின் பதத்துக்கு எண் கொடுக்கும் சர்வதேச முறை; பானத்தில் எண் கூடினால் கெட்டி கூடும்) முறையில் 10 மி.லி. சிரிஞ்ச் போதும். ஊசியையும் உள்ளே தள்ளும் தண்டையும் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, மேலிருந்து 10 மி.லி. நிரப்புங்கள். விரலை எடுத்து 10 வினாடி விடுங்கள். 1 முதல் 4 மி.லி. வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. சிரிஞ்சின் நீளம் மாறினால் கணக்கும் மாறும். எந்த சிரிஞ்ச் என்பதைத் தெரபிஸ்ட்டிடமே கேட்டு வாங்குங்கள்.

ஊட்டும்போது நிமிர்ந்து உட்காரவையுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். ஊட்டுபவரும் உட்காருங்கள். நின்று ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். முந்தைய வாய் இறங்கிய பிறகே அடுத்தது. மோவாயைத் தாழ்த்தி விழுங்குவது எல்லாருக்கும் பொருந்தாது. தெரபிஸ்ட் சொன்னால் மட்டும் செய்யுங்கள். எச்சிலில் உள்ள கிருமியும் நுரையீரலுக்குப் போகும் என்பதால், மூக்குக் குழாய் வழியே உணவு போனாலும் தினமும் இருவேளை வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

மாத்திரையைப் பொடிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே மருத்துவமனை. மூச்சு அடைத்தால் உடனே 108.