எண்ணெய் வேண்டாம், பால் வேண்டாம், கோதுமை ஆகாது: இப்படிப்பட்ட விருந்தினருக்கு ருசியாகச் சமைப்பது எப்படி?

சாப்பிட வருகிறவர் வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர் என்றால் பெரிய சிக்கல் இல்லை. பால், தயிர், நெய், முட்டை, தேன் இவற்றைத் தவிர்த்துவிட்டுச் சமைத்தால் போதும். "எண்ணெயும் சேர்ப்பதில்லை, கோதுமை ஆகாது, முந்திரி பாதாம் அலர்ஜி" என்று அவர் பட்டியலை நீட்டும்போதுதான் கை நின்றுவிடுகிறது. உடனே நமக்குத் தோன்றுவது, காயை வேகவைத்து ஓரமாக வைப்பது, கூடவே ஒரு கிண்ணம் சாலட். விருந்தினர் சிரித்த முகத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். போகிற இடமெல்லாம் அவருக்கு அதுதானே கிடைக்கிறது!

ருசியாகச் சமைக்க ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: நாம் நீக்கிய பொருள் அந்தச் சமையலில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது? எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டைச் சீராகக் கடத்திப் பொருளைச் சிவக்க வைக்கிறது. மசாலாவின் மணத்தைத் தன்னில் கரைத்து வைத்துக்கொள்கிறது. நாக்கில் வழவழப்பைத் தருகிறது. மூன்றும் வேறு வேறு வேலைகள். எண்ணெய்க்கு ஒரே மாற்றுப் பொருளைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வேலைக்கும் தனி வழி இருக்கிறது. கீழே வருவதெல்லாம் அந்த வழிகள்தான்.

படி 1: முதலில் கேளுங்கள்

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே பேசிவிடுங்கள். "என்ன சாப்பிட மாட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியவரும். "வேண்டாம்" என்பது வேறு, "ஆகாது" என்பது வேறு. கொள்கைக்காகப் பால் தவிர்ப்பவரும் பால் அலர்ஜி உள்ளவரும் ஒன்றல்ல. அலர்ஜி என்றால் அதே கரண்டி, அதே மிக்ஸி ஜாடி, அதே வெட்டுப்பலகை படுவதுகூட ஆபத்து. வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொட்டை அலர்ஜி சூட்டில் போய்விடாது.

எண்ணெய், உப்பு, சர்க்கரை, வெங்காயம், பூண்டு, சோயா, எள் இவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியாக, "நீங்கள் விரும்பிச் சாப்பிடுவது என்ன?" என்றும் கேளுங்கள். அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பாதி மெனு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

காய்கறிக்கு லேபிள் இல்லை, அதனால் பயமும் இல்லை. பாட்டிலிலும் பொட்டலத்திலும் வருவதில்தான் விஷயம் ஒளிந்திருக்கும். சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும். கூட்டுப் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வூஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் உண்டு. ரொட்டி, சிப்ஸ், சூப் பொடி போன்றவற்றில் பால்பொடியோ மோர்ப்புரதமோ எட்டிப்பார்க்கும். சந்தேகம் வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் சமைக்கலாம்.

படி 3: முந்தின இரவே ருசிநீர் தயார் செய்யுங்கள்

இறைச்சியோ சீஸோ தரும் அந்த ஆழமான, நாவில் நின்று பேசும் சுவைக்குப் பெயர் உமாமி. குளூட்டமேட் என்ற பொருள்தான் அதன் அடிப்படை. தக்காளியில் அது நிறையவே இருக்கிறது. உலர்ந்த ஷிடாகே காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகிறது. தாவர உணவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய துணை இது. இதை ஒதுக்கிவிட்டு மசாலாவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் வேலை.

உலர்ந்த காளான் 20 கிராம் எடுத்து, 2 கப் குளிர்ந்த நீரில் போட்டு, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் நீர் கிடைக்கும், அதுதான் நம் ருசிநீர். அடியில் மண் தங்கியிருக்கும், அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஊறிய காளானைப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம்.

அதே இரவில் 1 கப் கொண்டைக்கடலையையும் ஊறவையுங்கள்.

படி 4: எண்ணெய் இல்லாமல் சிவக்க வைப்பது

நன்றாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய படி இது. ருசியில் பாதி இங்கேதான் உருவாகிறது.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உணவு நன்றாகச் சிவந்து மணம் வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஆகவே ஈரம் இருக்கும்வரை பொருள் வேகுமே தவிர சிவக்காது. எண்ணெய் இல்லாதபோதும் கதை இதேதான். ஈரம் போனால் சிவக்கும்.

அடி கனமான பாத்திரத்தை மிதமான தீயில் சூடாக்குங்கள். பெரிய வெங்காயம் 3 எடுத்து, மெல்லியதாக நறுக்கி, அப்படியே போடுங்கள். முதலில் தன் நீரை விடும். அப்புறம் அடியில் ஒட்ட ஆரம்பிக்கும். பதற வேண்டாம், அந்தப் பழுப்பு ஒட்டல்தான் நமக்கு வேண்டும். 2 மேசைக்கரண்டி நீர் விட்டுச் சுரண்டுங்கள், அந்த நிறம் வெங்காயத்திலேயே ஏறிவிடும். மறுபடி காய விடுங்கள், மறுபடி ஒட்டட்டும், மறுபடி நீர். இப்படி 20, 25 நிமிடம் செய்தால் எண்ணெயில் வதக்கியது போலவே பொன்பழுப்பாக வரும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் சிவக்கும், ஆனால் வெங்காயம் குழைந்துவிடும். அதில் சோடியம் இருப்பதால் உப்புக் கட்டுப்பாடு உள்ளவருக்கு அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

அடுத்து, 250 கிராம் புதிய காளானை நறுக்கி வேறு ஒரு வாணலியில் எண்ணெய் இல்லாமலேயே போடுங்கள். கூட்டமாகக் குவிக்காதீர்கள், இரண்டு ஈடாகப் போடுவது நல்லது. நீர் முழுதும் வற்றி, விளிம்பு சிவக்கும்வரை விடுங்கள். காளானில் ஒரு வசதி, எவ்வளவு நேரம் வெந்தாலும் குழையாது. அதன் செல் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் சூட்டுக்கு அசைந்துகொடுப்பதில்லை. அதனால் தொடக்கக்காரர்களுக்குக் காளானைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

தக்காளி 500 கிராம். ஓவன் இருந்தால் பாதியாக வெட்டி 200 டிகிரியில் 40 நிமிடம் சுடுங்கள். இல்லையென்றால் வெங்காயத்தோடு சேர்த்துக் கெட்டியான விழுதாகும்வரை சுண்ட விடுங்கள்.

வெங்காயமே கூடாது என்றால்? காளானையும் தக்காளியையும் கூட்டிக்கொள்ளுங்கள். வயிற்றுத் தொந்தரவுக்காக மட்டும் வெங்காயம், பூண்டு தவிர்ப்பவராக இருந்து, எண்ணெய் சாப்பிடுவார் என்றால் வேறொரு வழி உண்டு. அவற்றில் இருந்து தொந்தரவு தரும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் மெதுவாகச் சூடாக்கி, பூண்டை முழுதாக எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், பூண்டு எண்ணெயை வெளியில் வைத்திருப்பது நச்சுக் கிருமிக்கு இடம் கொடுக்கும்.

படி 5: மசாலா மணத்தைப் பிடித்து வைப்பது

மசாலாவின் மணப்பொருள்கள் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. வெறும் நீரில் மிளகாய்த்தூளைக் கொட்டினால் காரம் வரும், மணம் ஆவியோடு போய்விடும். கொத்தமல்லி விதை 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2 ஆகியவற்றை முழுதாகவே சிறு தீயில் வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் பொடியுங்கள்.

கால் கப் சூரியகாந்தி விதையை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, புது நீர் கொஞ்சம் விட்டு மைய அரையுங்கள். வறுத்த பொடியை அந்த விழுதில் கலந்துவிடுங்கள். விதையில் இயல்பாக இருக்கும் கொழுப்பு மணத்தைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பும் வந்துவிடும். எண்ணெயின் இரண்டு வேலைகள் ஒரே அடியில் முடிந்தன.

சில இதய நோயாளிகளுக்கான உணவு முறையில் கொட்டை, விதை, தேங்காய்கூடக் கூடாது. அவர்களுக்கு வெந்த கொண்டைக்கடலையில் ஒரு பிடியோ, வெந்த காலிஃபிளவரோ அரைத்துச் சேர்க்கலாம். கெட்டியும் மென்மையும் கிடைக்கும், மணத்தைப் பிடிக்காது. அதனால் மசாலாப் பொடியில் பாதியை இறக்கும்போது தூவுங்கள்.

படி 6: எல்லாம் ஒன்றுசேர

ஊறிய கடலையை மிருதுவாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் வையுங்கள். வெங்காயம், தக்காளி விழுதில் இரண்டு வகைக் காளானையும் கடலையையும் போட்டு, காளான் ஊறிய நீரை ஊற்றி 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் போதவில்லை என்றால் கடலை வெந்த நீரைச் சேருங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். கடைசி 5 நிமிடத்தில் மசாலா விழுதைக் கலந்து தீயைக் குறையுங்கள். 4 பேருக்குத் தாராளமாக வரும். சோறு, வெந்த உருளைக்கிழங்கு எதனோடும் போகும்.

படி 7: இறக்கிய பிறகு

ருசி பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பெரும்பாலும் குறைவது உப்பல்ல, புளிப்பு. அரை எலுமிச்சையை, அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். நறுக்கிய பச்சைக் கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி மேலே.

உப்பே இல்லாமல் செய்கிறீர்கள் என்றால் புளிப்பும் காளான் ருசிநீரும் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது கேடாகலாம்.

மென்மையான குழம்போடு கடிக்க ஏதாவது வேண்டும். காலிஃபிளவரைத் துண்டுகளாக்கி, ஈரம் துடைத்து, பேக்கிங் தாளில் பரப்பி 220 டிகிரியில் அரைமணி நேரம் சுடுங்கள். தட்டு முழுக்க ஒரே பதத்தில் இருந்தால் என்ன ருசி இருந்தும் சலிக்கும்.

இனிப்புக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்து, பழத்துண்டுகள் மேல் ஊற்றிக் குளிரவைத்தால் போதும்.

படி 8: பரிமாறுவது

விருந்தினருக்குத் தனித்தட்டு, மற்றவர்களுக்கு வேறு சமையல் என்று பிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. வேலையும் இரட்டிப்பு, அவருக்கும் சங்கடம். எல்லோருக்கும் இந்தச் சமையலையே வையுங்கள். உப்பு, எண்ணெய், வறுத்த கொட்டை, ரொட்டி எல்லாம் மேசையின் இன்னொரு ஓரத்தில், தனித்தனிக் கரண்டியோடு இருக்கட்டும், வேண்டியவர் போட்டுக்கொள்வார். கொட்டை அலர்ஜி உள்ளவர் வந்தால் மட்டும் கொட்டையை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

பயன்படுத்திய பொட்டலங்களையும் பாட்டில்களையும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை குப்பையில் போடாமல் வையுங்கள். கேட்டால் லேபிளைக் காட்டிவிடலாம்.