நூல்கட்டைக்கு ஒரு சுவர்ப்பை

திருகோணமலையில் கடற்காற்று படும் வீடுகளில், தகர டப்பாவில் போட்ட ஊசியும் டப்பாவும் சேர்ந்தே துருப்பிடிக்கும். பழைய டெனிம் காற்சட்டையின் காலை வெட்டி விரித்து, நூல்கட்டையும் ஊசியும் வைக்க, சுவரில் தொங்கும் பை தையுங்கள்.

பொக்கட் துணியை அடித்துணியின் அகலத்துக்கே வெட்டிவிடாதீர்கள். பலர் பிழை விடுவது இங்கேதான். தட்டைப் பொக்கட்டில் நூல்கட்டை இறங்காது. ஒவ்வொரு பொக்கட்டுக்கும் 2 அங்குலம் கூட்டி வெட்டி, அடியில் இரு பக்கமும் அரை அங்குல ஆழத்தில் மடிப்பு வையுங்கள். பொக்கட்டுகளைப் பிரிக்கும் தையலை, பொக்கட் வாயில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள், கிழிவது அங்கேதான். டெனிமுக்கு 16ஆம் இலக்க மெசின் ஊசி. மேல்விளிம்பை 2 அங்குலம் மடித்துத் தைத்தால் தொங்கவிடும் தடி நுழையும்.

கை ஊசிகளை, மெசின் எண்ணெய் ஒரு துளி விட்ட பிளானல் துண்டில் குத்தி வையுங்கள். மாரியிலும் துரு அண்டாது. தைக்குமுன் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும்.