ஜாஸ் ஆல்பங்கள் சேர்க்க ஒரு வழி: பின்னட்டையில் இருக்கும் பெயர்கள்

ஜாஸ் மேல் பைத்தியமானவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது "கேட்டே ஆக வேண்டிய 100 ஆல்பம்" மாதிரி ஒரு பட்டியலைத்தான். அதை வரிசையாக வாங்க ஆரம்பித்தால் இருபதாவதிலேயே சலிப்புத் தட்டிவிடும், ஏனென்றால் ஒரு ஆல்பத்துக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்று பட்டியல் சொல்வதே இல்லை. நான் சொல்ல வருவது வேறு வழி. ஒரு ஆல்பம் மனதில் ஒட்டிக்கொண்டதா, அட்டையைத் திருப்பி யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து வாங்க வேண்டியது யாருடையது என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

தொடக்கம் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒதுக்காதீர்கள், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ், பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி என்று இத்தனை பேர் ஒரே இசைத்தட்டில் கிடைக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு தனிப் பாதை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், பழைய தட்டுகளில் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கும். 1992-ல்தான் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு திருத்தி வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அடுத்தது? கேனன்பாலைப் பிடித்தால் 'சம்திங் எல்ஸ்' (1958), அதில் மைல்ஸ் பக்கவாத்தியக்காரராக வருகிறார். கோல்ட்ரேனைப் பிடித்தால் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. இதுவும் 1959-ல் பதிவானதுதான், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திவாத்தியம்) வாசிப்பதும் அதே பால் சேம்பர்ஸ்தான், அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்தே 'மிஸ்டர் பி.சி.' என்று ஒரு பாட்டு உண்டு. 'நைமா' என்ற மெதுவான பாட்டில் வின்டன் கெல்லியும் ஜிம்மி காப்பும்கூட வந்துவிடுகிறார்கள். இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்த நாள் கேளுங்கள், ஒரே மனிதர்கள் ஒரே வருடத்தில் எவ்வளவு வேறு வேறு இசைக்குள் போயிருக்கிறார்கள் என்று காதே சொல்லிவிடும். அதற்கப்புறம் 'அ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் பதிவானது, நான்கு பகுதி, மொத்தம் 33 நிமிடம்தான். தயவுசெய்து இதைத் துண்டுபோட்டுக் கேட்காதீர்கள்.

பில் எவன்ஸ் பக்கம் போனால் என் மனதுக்கு மிக நெருங்கிய ஆல்பம் வருகிறது: 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. 1961 ஜூன் 25, நியூயார்க்கில் ஒரு சின்ன நிலவறைக் கிளப், எவன்ஸின் மூவர் குழு பகலும் இரவுமாக ஒரே நாளில் ஐந்து முறை மேடையேறியது. கண்ணாடி டம்ளர்கள் இடிபடுவதும் ஆட்கள் பேசிக்கொள்வதும்கூடக் கேட்கும். முதல் தடவை பியானோவைக் கேளுங்கள், இரண்டாவது தடவை அதை விட்டுவிட்டு ஸ்காட் லஃபாரோவின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடியில் தாளத்துக்குத் துணைநிற்பதோடு அவர் நிறுத்திக்கொள்வதே இல்லை, எவன்ஸ் ஒன்று சொன்னால் உடனே பதில் சொல்கிறார், சில இடத்தில் முந்திக்கொண்டு பேசுகிறார், பால் மோட்டியனின் ட்ரம்ஸ் இருவருக்கும் நடுவில் இடம் விட்டு நிற்கிறது. பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அதே நாளின் மற்றப் பாட்டுகள் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள், ஒன்று மட்டும் போதாது.

இப்போது பேஸ்காரர் பால் சேம்பர்ஸிடம் திரும்புவோம். தெலோனியஸ் மங்கின் 'ப்ரில்லியன்ட் கார்னர்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டில் அவர் இருக்கிறார். தலைப்புப் பாட்டு எவ்வளவு கஷ்டம் என்றால், 25 தடவை முயன்றும் ஒன்றுகூட முழுசாக அமையவில்லை, கடைசியில் டேப்பை வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டார்கள். அங்கே சோனி ராலின்ஸும் மேக்ஸ் ரோச்சும் கிடைக்கிறார்கள், அந்த இருவரையும் பிடித்தால் 'சாக்ஸஃபோன் கொலோஸஸ்' (1956). ரோச்சை மட்டும் தொடர்ந்தால் 1962-ல் பதிவான 'மனி ஜங்கிள்', டியூக் எலிங்டனும் சார்ல்ஸ் மிங்கஸும் ரோச்சும் மூன்றே பேர், கரடுமுரடான ஆல்பம், எனக்கு அந்தக் கரடுமுரடுதான் பிடிக்கும்.

மிங்கஸிடம் வந்துவிட்டால் 'மிங்கஸ் ஆ உம்' (1959) வாங்காமல் நகரக் கூடாது. அதில் 'குட்பை போர்க் பை ஹேட்' அந்த வருடம் இறந்த லெஸ்டர் யங்குக்கான அஞ்சலி. லெஸ்டர் யங் யார் என்று தேடிப் போனால் 1937-ல் பில்லி ஹாலிடேயோடு அவர் பதிவுசெய்த பாட்டுகள் கிடைக்கும், அவள் பாடும் வரிக்குப் பின்னால் அவர் சாக்ஸஃபோன் நிழல் மாதிரி வரும். எலிங்டனுக்கு 'எலிங்டன் அட் நியூபோர்ட்'. அவர் குழுவின் சாக்ஸஃபோன்காரர் பால் கான்சால்வெஸ் ஒரே பாட்டில் 27 சுற்று விடாமல் வாசித்த இரவு அது, ஆனால் 1956-ல் வந்த தட்டில் பாதி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துச் சேர்த்தது. உண்மையான மேடைப் பதிவு வேண்டுமானால் 1999-ல் வந்த முழுப் பதிப்பை வாங்குங்கள்.

காலத்தில் இன்னும் பின்னால் போக வேண்டுமா? 1945-ல் சார்லி பார்க்கர் பதிவுசெய்த 'கோ கோ'விலும் ட்ரம்ஸ் மேக்ஸ் ரோச்தான். பார்க்கர் அதற்கு முன்னால் எர்ல் ஹைன்ஸின் குழுவில் இருந்தவர், அந்த ஹைன்ஸ் 1928-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' வாசித்தவர். இப்படியே நூல் பிடித்துப் போனால் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களின் பதிவுகளில் (1925 முதல் 1928 வரை) வந்து நிற்பீர்கள். அந்தக் காலத்தில் ஆல்பம் என்று எதுவும் கிடையாது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள்தான், அதனால் தொகுப்புகளாகத்தான் வாங்க முடியும். பார்க்கருக்கு "முழுமையான" என்று போட்ட பெட்டித் தொகுப்பை முதலில் வாங்கிவிடாதீர்கள். ஒரே பாட்டின் நான்கைந்து முயற்சிகள் அடுத்தடுத்து வரும், புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றும். அன்று வெளியிட்ட பதிவுகள் மட்டும் இருக்கும் தொகுப்பு போதும்.

காலத்தில் முன்னேறிப் போகும் பாதைக்கு மிங்கஸ் குழுவில் இருந்த எரிக் டால்ஃபி, ஆல்பம் 'அவுட் டு லஞ்ச்' (1964). அதில் ட்ரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18. பியானோவே இல்லை, அந்த இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்). முதல் தடவை எதுவும் ஒட்டாமல் போகலாம். அப்படியானால் வைத்துவிட்டு, அதே டோனி வில்லியம்ஸும் இதில் ட்ரம்பெட் வாசித்த ஃப்ரெடி ஹப்பர்டும் இருக்கும் ஹெர்பி ஹேன்காக்கின் 'மெய்டன் வாயேஜ்' (1965) எடுங்கள், அது உடனே பிடித்துவிடும். டோனியின் சிம்பல் சத்தம் காதுக்குப் பழகிய பிறகு டால்ஃபியைத் திரும்ப எடுங்கள்.