முருகைத் தொட்டியைப் புதிய தொட்டிக்கு மாற்றுவது எப்படி?

போன மாதம் என் வீட்டு 2 அடி உப்புநீர்த் தொட்டியில் இருந்த முருகைகளையும் (பவளம் என்றும் சொல்லும் கடல் உயிர்கள்) மீன்களையும் 3 அடித் தொட்டிக்கு மாற்றினேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை அவசரப்பட்டு ஒரு கோமாளி மீனைச் சாகக் கொடுத்தேன். எங்கே பிழை விட்டேன் என்று இப்போது தெளிவாகத் தெரிவதால், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது பற்றீரியாக்கள். அவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. தொட்டிக்குள் அடுக்கியிருக்கும் கல்லிலும் மணலிலும் பில்டர் பஞ்சிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே கல்லை ஈரம் காயாமல், சூடேறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

இரண்டு கிழமைக்கு முன்: தொட்டி

புதிய தொட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும். என்னுடையது 90 × 45 × 45, கிட்டத்தட்ட 182 லீற்றர். விளிம்புவரை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 180 கிலோவுக்கு மேல். கண்ணாடி, கல், மணல் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். சாதாரண மேசை தாங்காது. இரும்புச் சட்டம் ஒட்டுவித்து, மேலே தடித்த பலகை போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் பாரம் ஒரே மூலையில் விழுந்து கண்ணாடி வெடிக்கும். யன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம்.

சிலிக்கோனின் வினாகிரி மணம் முழுதாகப் போகட்டும். பிறகு கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டு, ஒழுகுகிறதா என்று மூலைகளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவவே கூடாது.

தண்ணீர்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

பழைய தொட்டியிலிருந்து 50 லீற்றர் தெளிந்த நீர் எடுக்கலாம். கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் எனக்கு இன்னும் 100 லீற்றர் தேவைப்பட்டது. கைகாவலாக 20 லீற்றர் கூடவே தயாரித்து வைத்தேன்.

எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே உப்போடு கலக்க முடியாது. இப்போது ஆர்.ஓ. தண்ணீர் (நுண்வடியில் உப்புகளை நீக்கிய தண்ணீர்) பல ஊர்களில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வாங்கும்போது, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீற்றரை வைத்துப் பாருங்கள். சுழியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. குடிப்பதற்கு நல்ல தண்ணீர் எல்லாம் முருகைக்கு நல்லதாக இருக்காது.

அடுத்தது உப்பு. என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? போடக் கூடாது. காரணம் உப்பளத்தில் நடக்கும் வேலையிலேயே இருக்கிறது. கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது கல்சியம் முதலில் படிந்துவிடும். பிறகுதான் நாங்கள் சாப்பிடும் உப்புப் பளிங்காகும். மகனீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கடைசியில் கையில் கிடைப்பது சோடியம் குளோரைட்டு. கறிக்கு அது தேவை. முருகைக்கோ உப்போடு கல்சியமும் மகனீசியமும் காபனேற்றும் வேண்டும். கடல்நீரில் ஒரு லீற்றருக்குக் கல்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலேயும் மகனீசியம் 1300 அளவிலும் இருக்கும். அந்தக் கணக்குக்குச் செய்த, முருகைத் தொட்டிக்கான ரீஃப் உப்பைத்தான் வாங்க வேண்டும். லீற்றருக்கு 35 முதல் 40 கிராம், அதாவது 100 லீற்றருக்கு 4 கிலோ அளவு. தண்ணீரை முதலில் பரலில் ஊற்றி, பம்பை ஓட விட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும். பிறகு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் நீரின் தன்னீர்ப்பு (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 காட்ட வேண்டும்.

கடல்நீரே கொண்டுவரலாமா? கொண்டுவரலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் மாரியில் வேண்டாம். நந்திக்கடல் களப்பு வட்டுவாகலில் கடலோடு சேரும் பக்கம் எந்த மாதமும் வேண்டாம். மழைநீரும் சேறும் கலந்து உப்பு குறைந்துவிடும். வெயில் காலத்தில், வள்ளங்கள் கட்டாத கரையில் எடுத்து, துணியால் வடித்து, உப்பை அளந்து பார்த்துப் பாவியுங்கள். தண்ணீரோடு கல்லையும் பெயர்த்து வரலாம் என்று நினைக்காதீர்கள். கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது இலங்கையில் சட்டப்படி தடை. அந்தத் தடை இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

மாற்றும் நாள்

மின்தடை அறிவித்தல் இல்லாத நாளாகப் பார்த்து, விடியக்காலமை 6 மணிக்கே தொடங்குங்கள். வன்னி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு வாளித் தண்ணீர் கெதியாகச் சூடாகும். 30 பாகை தாண்டினால் முருகைகள் தாங்காது. 26 அளவில் வைத்திருக்கப் பாருங்கள். முதல் நாளே இரண்டு போத்தல் தண்ணீரை உறைய வைத்துக்கொண்டால் வாளிக்குள் மிதக்க விடலாம். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். அன்று மீனுக்குத் தீன் போட வேண்டாம்.

எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, எதையும் கலக்குவதற்கு முன்னமே, மேல்மட்டத் தெளிந்த நீரைக் குழாயால் கான்களுக்கு இறக்குங்கள். அந்த 50 லீற்றர்தான் அன்றைய நாள் முழுக்க உங்களுக்கு உயிர்நீர்.

அப்புறம் முருகைகள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். சோவா எனப்படும் பொத்தான் வடிவ முருகைகள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ, கண்ணில் தெறித்தாலோ ஆபத்து. அவை ஒட்டிய கல்லைச் சுடுநீரில் போடுவதும் கூடாது, ஆவியே நஞ்சாகும். ஒவ்வொரு முருகையையும் அது ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்துப் பழைய நீர் உள்ள வாளிக்குள் வையுங்கள். லெதர், மஷ்ரூம் எனப்படும் மென்மையான முருகை வகைகள் சுருங்கிச் சளி விடும். பயப்பட வேண்டாம்.

வெறும் கற்களை வேறு வாளியில், நீரில் மூழ்கும்படி வையுங்கள். வாளி போதாவிட்டால் கடல்நீரில் நனைத்த துவாயால் சுற்றி ரெஜிபோம் பெட்டிக்குள் வைக்கலாம். பில்டர் பஞ்சையும் பழைய நீரில் போட்டு வையுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதில் உள்ள பற்றீரியா செத்துப்போகும்.

மீனைக் கடைசியில் பிடியுங்கள். கல் இருக்கும்போது வலையோடு துரத்தினால் மீன் அடிபடும், கற்களும் சரியும். எல்லாம் எடுத்தபின் நாலு விரல் தண்ணீரில் அது தானாகவே அகப்படும். மூடியுள்ள வாளியில், காற்றுக்கல்லோடு, இருட்டாக வையுங்கள்.

பழைய மணல்

நான் பிழை விட்ட இடம் இதுதான். முதல் தடவை இரண்டு வருட மணலை அப்படியே அள்ளிப் புதிய தொட்டியில் கொட்டினேன். கூழ்முட்டை மணம் வந்தது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒட்சிசன் போகாத அடிமணலில் சேர்ந்திருந்த ஐதரசன் சல்பைட்டும், அழுகிய கழிவும் ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்தன. அடுத்த நாள் விடியப் பார்த்தபோது கோமாளி மீன் ஒன்று கல்லடியில் கிடந்தது. அமோனியா ரெஸ்ட் கடும் பச்சை, அதாவது அமோனியா மிக அதிகம். அந்தக் காட்சி இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால் புதிய மணல் வாங்குங்கள். பழையதில் மேல்படையிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் புதிய மணல் மேலே தூவினால், அதில் உள்ள சின்ன உயிர்கள் பரவும். மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

புதிய தொட்டியை நிரப்புவது

கற்களை முதலில் கண்ணாடி மேல் நேரடியாக அசையாமல் இருத்துங்கள். பிறகு அதைச் சுற்றி, நன்றாக அலசிய மணல். மணல் மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டும் உயிரினங்கள் ஒருநாள் அதைச் சரித்துவிடும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்து, பம்ப் ஓடத் தொடங்கியபின் கலங்கல் அடங்க ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுக்கும். உப்பும் வெப்பமும் வாளி நீரோடு ஒத்திருக்கின்றனவா என்று அளந்துவிட்டு முருகைகளை வையுங்கள். பழைய உயரத்தை விடச் சற்றுப் பதிவான இடம் நல்லது. மீன் வாளிக்குள் மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாகப் புதிய நீரை விட்டு, முக்கால் மணித்தியாலத்தில் வலையால் எடுத்து விடுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

பிறகு வரும் நாட்கள்

முதல் கிழமை வெளிச்சம் நாலைந்து மணித்தியாலம் போதும். புது விளக்கு என்றால் இன்னும் கவனம். தீன் பாதியாகக் குறையட்டும். இரண்டு கிழமைக்குத் தினமும் அமோனியா ரெஸ்ட் செய்யுங்கள், லீற்றருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினாலே, கைகாவலாக வைத்த தண்ணீரால் ஒரு பங்கை மாற்றுங்கள். மணலில் மண்ணிறப் பாசி வரும், அது தானாகப் போகும். எங்கள் வெக்கைக்கு நீர் நாளாந்தம் குறையும். அதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் விட வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே இருக்கும்.

முருகைகள் பழையபடி விரிய சிலவற்றுக்கு இரண்டு நாள், சிலவற்றுக்கு இரண்டு கிழமை. இடம் பிடிக்கவில்லையோ என்று தினமும் தூக்கித் தூக்கி மாற்றாதீர்கள். ஒரு மாதத்துக்குப் புதிய மீனும் வேண்டாம்.

பழைய 2 அடித் தொட்டியை விற்றுவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்து வாங்கும் மீனை நாலு கிழமை தனியே வைத்துப் பார்க்க அதுதான் தேவைப்படும்.